உள்ளே மடித்த துணி

பெல்ட்டின் கொக்கி மாட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது டெய்லரக்காவுக்கு வீட்டுக் கூரையே தலையில் இறங்கியது போலிருந்தது.

செய்தியைக் கொண்டு வந்தவன் விசில். கட்டடம் எழும்பும் இடத்தில் கீழே நின்றுகொண்டு, உயரத்தில் இருக்கும் கிரேன் ஆப்பரேட்டருக்குக் கையசைத்தும் வாக்கிடாக்கியில் பேசியும் வழி சொல்வது அவன் வேலை. வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் ஊதல் ஊதியே காலத்தை ஓட்டியவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஆப்பரேட்டர்தான் டெய்லரக்காவின் கணவர். காலையில் ஏணியில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். அதனால் அவரை எல்லோரும் மேலண்ணன் என்றே கூப்பிட்டார்கள். சம்பளம் கொடுக்கிறவருக்குக்கூட அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலன்னா வேலை நேரத்துல நீ ஏன்டா இங்க வந்து நிக்கிற?"

"ஆகல. ஆனா, ஏற விடல."

பிறகு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். மேலே ஏறுகிறவர்களுக்குப் புதிய பாதுகாப்பு பெல்ட் வந்திருக்கிறது. தோளிலும் தொடையிலும் இடுப்பிலும் பட்டை போட்டு மாட்டுகிற பெல்ட். பாதுகாப்பு அதிகாரி அம்மா, அதை மாட்டாமல் ஒருவரும் ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் மாட்டியது. மேலண்ணனுக்கு இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளும் கிட்டத்தில்கூட வரவில்லை.

"நான் முட்டி போட்டு இழுத்தேன் அண்ணி. மூச்சை உள்ள இழுங்கண்ணேன்னு சொன்னேன். அவரும் இழுத்தார். நெஞ்சு உள்ள போச்சு, கன்னம் உள்ள போச்சு, வயிறு மட்டும் நான் வரமாட்டேன்னு வெளியவே நின்னுடுச்சு."

டெய்லரக்கா சிரிக்கவில்லை.

கையோடு கையாகக் கம்பெனி டாக்டர் ரத்தமும் எடுத்துப் பார்த்திருக்கிறார். சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. உடம்பையும் சர்க்கரையையும் அதற்குள் கட்டுக்குள் கொண்டுவந்தால் மேலே ஏறலாம். இல்லையென்றால் இனி எந்நாளும் தரைதான். மேலே இப்போதைக்குப் புது ஆப்பரேட்டர் ஒருவர் ஏறிவிட்டார்.

"அண்ணன் சண்டையே போட்டுட்டார் அண்ணி. 'என் பேன்ட் எல்லாம் எனக்குச் சரியாத்தானே இருக்கு? பெல்ட்டுதான் சின்னது'ன்னு அந்தம்மாகிட்ட ஒரே வாக்குவாதம்."

துணியில் ஓடிக்கொண்டிருந்த டெய்லரக்காவின் கத்தரி அப்படியே நின்றது.

அந்த மனிதரின் பேன்ட் ஏன் சரியாக இருந்தது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

மருந்துக்கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில், ஒரு மெஷினும் ஒரு மேசையும் போட்டால் நிற்க இடமில்லாத கடை அவளுடையது. வாசலில் ஒரு நீலப் பந்தல் துணி. பின்னால் கதவைத் திறந்தால் வீடு. புதிதாகத் தைப்பதைவிட, பழையதைப் பிரித்து விடுவதும் பிடித்துத் தைப்பதும்தான் அவளுக்கு அதிகம் வரும் வேலை. எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டு வைப்பாள். நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்து விடலாம் அல்லவா? அவளிடம் வந்தவர்கள் ஒருவரும் துணி பத்தவில்லை என்று திரும்பிப் போனதில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், வெளியே கிளம்பும் நேரத்தில் கணவரின் பேன்ட் பட்டன் மாட்டவில்லை. அப்போது அவர் முகம் வாடிய வாட்டத்தை அவளால் தாங்க முடியவில்லை. "மெஷின்ல ஏதோ கோளாறு, நான்தான் இறுக்கித் தச்சுட்டேன்" என்று பொய் சொல்லி, நின்ற நிலையிலேயே பிரித்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் துவைத்து மடிக்கும்போது அவர் இடுப்பில் பேன்ட் அழுத்திப் பதிந்த சிவப்புத் தடத்தை நினைத்துக்கொள்வாள். பின்பக்கத் தையலைச் சத்தமில்லாமல் பிரித்துவிடுவாள். உள்ளே மடித்த துணி தீர்ந்ததும், சட்டை மறைக்கும் இடத்தில் அதே நிறத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டாள். அவருக்கு ஒன்றுமே தெரியாது. வருஷம் போகப் போகத் தன் உடம்பு அப்படியேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் தைத்துக் கொடுக்காத முதல் துணி அந்த பெல்ட். அது உண்மையைச் சொல்லிவிட்டது.

மாலையில் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் சிமென்ட் தூசி. இத்தனை வருஷத்தில் அவர் தோளில் தூசி படிந்து அவள் பார்த்ததே இல்லை. அது தரையில் நிற்பவர்களுக்கு உரியது.

"கீழண்ணன்னு கூப்பிடுறானுங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அது போகட்டும். மேலேயிருந்து பார்த்தா நம்ம கடையோட நீலத் துணி தெரியும். நீ பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கும். கீழ நின்னா சுவருதான் தெரியுது."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கொடியில் கிடந்த பேன்ட்டை எடுத்து வந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி அவர் மடியில் போட்டாள். பழைய தையல்கள் இருந்த இடமெல்லாம் ஊசித் துளைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, வரி வரியாகக் கிடந்தன.

அவர் விரலால் ஒவ்வொரு வரியையும் தடவினார்.

"இவ்வளவு தடவையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி விடு. இனிமே பிரிக்காத. அது போதும்."

"சத்தியமா மாட்டேங்க" என்றாள். அப்போது அவள் மனதாரத்தான் சொன்னாள்.

உடம்பு எப்படிப் பெருத்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கிரேன் அறைக்குள் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. வாயில் இனிப்பு ஏதாவது கரைந்துகொண்டிருந்தால்தான் நேரம் நகரும். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்குவார். விசில் அதில் பன்னும் கிரீம் பிஸ்கட்டும் சோடா பாட்டிலும் வைத்து அனுப்புவான். ஃபிளாஸ்கில் சர்க்கரைப் பாகுக்குத் தம்பி மாதிரி ஒரு டீ. வீட்டிலோ, மெஷினை விட்டு எழ நேரமில்லாத டெய்லரக்கா, தெருமுனைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து குழம்பும் பொரியலும் வாங்கி வருவாள். அடுப்பில் வேகும் ஒரே பொருள் சோறு.

மறுநாள் அந்தக் கடைச் சமையல்காரரிடமே போய்க் கேட்டாள்.

"அண்ணே, உங்க குழம்பு மட்டும் எப்படி இவ்வளவு ருசியா இருக்கு?"

வருஷக்கணக்கில் யாரும் கேட்காத கேள்வி. மனிதர் உச்சி குளிர்ந்துபோனார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இறக்குறப்போ ரெண்டு பிடி சர்க்கரை. புளிப்பு, காரம் எல்லாத்தையும் தூக்கிக் கொடுக்கும். பொரியலுக்கும் அதேதான்."

கொண்டுபோன பாத்திரத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று முதல் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆரம்பத்தில் வயிறு எரிந்தது என்று சொல்வதுதான் பொருத்தம். முதல்நாள் அவித்த பீன்ஸைத் தட்டில் பார்த்ததும், "இது சாப்பாடா, இல்ல நூல்கண்டா?" என்று கேட்டார். சர்க்கரை போடாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரோ செத்துப்போன செய்தி கேட்டதுபோல உட்கார்ந்திருந்தார். அவளும் கூடவே சர்க்கரையை விட்டாள். இரண்டு நாள் தலைவலியில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள். சட்டைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவள்தான்.

ஆனாலும் காய் நறுக்குவது அவர் பொறுப்பானது. இரும்புத் தூணைக் காற்றில் ஆடாமல் கொண்டுபோய், சொன்ன இடத்தில் பூப்போல இறக்குகிற கை அது. முட்டைக்கோஸை அவர் நறுக்கினால் நூல் நூலாக விழும். "கொஞ்சம் வேகமாத்தான் நறுக்குங்களேன், எனக்கு வயசாகுது" என்பாள். "லோடு தொங்கிக்கிட்டு இருக்கு, பேச்சுக் கொடுக்காத" என்பார். வெங்காயத்தைச் சின்னத் தீயில் பொறுமையாக வதக்கினால் அதுவே இனிக்கும் என்பதை இருவரும் ஒரு காலையில் கண்டுபிடித்தார்கள். தட்டில் பாதி காய், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சத்தில் கொஞ்சம் சோறு. அவளுடைய பழைய அளவு நாடாவைப் போல அந்தத் தட்டும் பழகிவிட்டது. வேலை முடிந்ததும் பேருந்தில் ஏறாமல் நடந்தே வந்தார். வாளியில் பன் ஏற்றிய விசில், இப்போது அவருக்கு வெள்ளரிக்காய் வாங்கிவரப் பழகினான். "ஆட்டுக்குத் தீனி போடுற மாதிரியே இருக்குண்ணே" என்று அவனுக்கு ஒரே கவலை.

மருந்துக்கடை வாசல் எடை மெஷினில் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு ஒருநாள் நின்றது. அடுத்த வாரமும் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கடுத்த வாரம் அரை கிலோ ஏறவும் செய்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டை அவர் தள்ளி வைத்தார்.

"விட்டுடலாம்மா. புது ஆப்பரேட்டர் நல்லாத்தான் ஓட்டுறார். கை சுத்தம். எனக்கு இனிமே தரைதான்னு எழுதியிருந்தா யார் மாத்துறது?"

கல்யாணமான புதிதில் பார்த்த அதே வாடிய முகம். டெய்லரக்கா அதைப் பார்க்க மாட்டாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்தியம் செய்தவள்தான். அதை மறக்கவும் இல்லை. ஆனால் மறுநாள் கடையில் தனியாக இருந்தபோது அவள் கை, அவளைக் கேட்காமலே, அவருடைய பேன்ட்டை எடுத்தது. ஒட்டுத் துண்டில் மிச்சமிருந்தது ஒரு விரல் அகலத் துணி. ஒரே ஒரு விரல்தானே? மனுஷனுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும், பிறகு பிடித்துத் தைத்துவிடலாம். பிரித்தாள், தைத்தாள், இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினாள்.

அடுத்த நாள் காலையில் வீடே அதிர்ந்தது.

"ஏய்! இங்க வா, இங்க வா! பேன்ட் லூசாயிடுச்சு! இடுப்புக்குள்ள கையை விடு, பாரு!"

அவள் பார்த்தாள். புன்னகைத்தாள். அந்தப் புன்னகை தன் முகத்தில் எவ்வளவு கனத்தது என்பதை அவள் மட்டுமே அறிவாள். அவர் முழுத் தட்டும் சாப்பிட்டுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

மதியமே திரும்பி வந்துவிட்டார்.

வாடிக்கையாளர் யாரும் இல்லை. உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, பேன்ட்டை எடுத்து வந்து மேசைமேல் உள்பக்கம் திருப்பிப் போட்டார். துணி வெளுத்திருந்தது. பின்தையலில் ஓடிய நூல் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

"இது உன் நூல்தானே?"

அவள் மெஷின் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கேக்குறேன்ல?"

"ஒரு விரல் அகலம்தாங்க விட்டேன்..."

"அந்த ஒரு விரலை நம்பித்தான்மா போற வழியிலேயே விசிலுக்குப் பன்னு வாங்கிக் கொடுத்து, நானும் ஒண்ணு தின்னேன். ஸ்டோர் ரூமுக்கு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டு பெல்ட்டை மாட்டினேன்." பேன்ட்டை ஓரமாகத் தள்ளினார். "அந்தக் கொக்கி அப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. எல்லாரும் சிரிச்சாங்க. புது ஆப்பரேட்டர் மட்டும் சிரிக்கல. அதுதான் ரொம்ப வலிச்சுது."

"நீங்க தட்டைத் தள்ளி வச்சீங்களே, அந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியலங்க!" அவள் வெடித்து அழுதாள்.

"என் மூஞ்சி வாடக்கூடாதுன்னு நீ பிரிச்சுப் பிரிச்சுத் தச்சுத்தான் நான் இங்க வந்து நிக்கிறேன்!"

சொன்ன வார்த்தை அவரையே சுட்டிருக்க வேண்டும். மெஷினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"பன்னு தின்னது நான்தான். உன் மேல பழி போடல. ஆனா மேலே இருக்கிறப்போ, கீழேயிருந்து விசில் என்ன சொல்றானோ அதை நம்பித்தான் லோடை இறக்குவேன். எனக்கு இறக்குற இடம் தெரியாது. நான் வருத்தப்படுவேன்னு அவன் ஒரு தடவை பொய் சொன்னா என்ன ஆகும்? இந்த வீட்டுலயும் எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும்மா."

அவர் எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் பேச்சு இல்லை. மறுநாளும் இல்லை. காய் மட்டும் நூல் நூலாக நறுக்கப்பட்டு அடுப்படியில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. மனிதர் அவள்மேல்தான் கோபமாக இருக்கிறார், சாப்பாட்டின்மேல் இல்லை.

அவள் விசிலைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அந்த பெல்ட்டோட இடுப்புப் பட்டை, முழுசா விட்டா எவ்வளவு நீளம்? இந்த நாடாவை எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வா. கூடக் குறைய இருந்தா உன் சட்டைக்கு இனிமே பட்டன் வைக்க மாட்டேன்."

"எதுக்கு அண்ணி?"

"அளந்துட்டு வாடான்னா."

பள்ளிக்கூடப் பை தைக்கும் கெட்டிப் பட்டை அவளிடம் இருந்தது. விசில் கொண்டுவந்த அளவுக்கு அதை வெட்டி, முனைகளை மடித்து, ஒரு கொக்கியும் வைத்துத் தைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளே மிச்சத் துணி விடாமல் ஒரு சாமானைத் தைத்தாள். அதைச் சமையலறைக் கதவின் ஆணியில் மாட்டினாள்.

அவர் வந்து பார்த்தார். தொட்டார். இழுத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"உங்க பெல்ட்டோட அளவு. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதைப் பிரிக்க முடியாது. நான் நினைச்சாலும் முடியாது." பட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். "வாராவாரம் நானே மாட்டிப் பார்த்துச் சொல்றேன். எவ்வளவு இடைவெளின்னு உள்ளதை உள்ளபடி சொல்றேன். உங்க மூஞ்சி வாடினா வாடட்டும். நான் பார்த்துக்கிறேன்."

அவர் கைகளை மெல்லத் தூக்கி நின்றார். அவள் பட்டையை இடுப்பில் சுற்றினாள். முனைகள் சேரவில்லை.

"எவ்வளவு?"

அவள் இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தாள். "நாலு விரல்."

முகம் வாடத்தான் செய்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவர், "சரி. வெங்காயத்தை எடு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நாலு மூன்றானது. மூன்று சில வாரம் மூன்றாகவே நின்றது. "அப்படியேதாங்க இருக்கு" என்று சொன்ன நாட்களில் அவள் வார்த்தைக்குச் சர்க்கரை தடவவில்லை. அவரும் தட்டைத் தள்ளவில்லை. சோற்றை இன்னும் ஒரு கரண்டி குறைத்தார்கள். மாலை நடையில் அவளும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கும் இடுப்புவலி போனது. மெஷினில் முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வதக்கிய கத்தரிக்காயின் மணம் வீடெல்லாம் நிறைந்திருந்தபோது, கதவோரத்தில் "க்ளிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அடுப்பில் கத்தரிக்காய் அடிப்பிடித்தது.

பரிசோதனை நாளில் அவள் கடை திறந்திருந்ததே தவிர, ஒரு தையல்கூடப் போடவில்லை. டாக்டரின் தாள் என்ன சொல்லும்? கொக்கி வீட்டில் மாட்டியது போல அங்கேயும் மாட்டுமா? கூடவே, வெளியே சொல்லாத இன்னொரு பயமும் இருந்தது. ஏறிவிட்டால், அவ்வளவு உயரத்தில் அவரைத் தனியாக நினைத்து மறுபடி தினமும் பயப்பட வேண்டுமே! மாட்ட வேண்டும் என்றும் வேண்டினாள், மாட்டாமல் போனால்தான் என்ன என்றும் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டேதான் இத்தனை மாதமும் காய் வதக்கியிருந்தாள்.

முற்பகலில் வெளியே விசிலின் குரல் கேட்டது. வாக்கிடாக்கியோடு தெருவுக்கே ஓடி வந்திருந்தான். "அண்ணி, வெளிய வாங்க! மேல பாருங்க!"

நீலத் துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தாள். கூரைகளுக்கு மேலே, வானத்தில், கிரேனின் நீண்ட கை அவர்கள் தெருப்பக்கம் மெதுவாகத் திரும்பியது. ஒரு கணம் நின்றது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனது.

"சர்க்கரை?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இறங்கிடுச்சு அண்ணி. இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம், இதே சாப்பாட்டை விடாதீங்கன்னார் டாக்டர். கொக்கி மாட்டினப்போ புது ஆப்பரேட்டர்தான் முதல்ல கை தட்டினார். அவரை அடுத்த கட்டடத்துக்குப் போட்டிருக்காங்க."

மாலையில் மேலண்ணன் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். விட்டால் விழுந்துவிடும். அவள் அதை வாங்கி, மெஷினில் போட்டு, ஒட்டுத் துண்டைப் பிரித்தெடுத்தாள். பின்தையலைப் பழையபடி உள்ளே பிடித்துத் தைத்தாள். இருபக்கமும் மிச்சத் துணி அகலமாக மடிந்து கிடந்தது. வழக்கப்படி அதை உள்ளே தள்ளி ஓரம் அடிக்கப் போனாள்.

"அதை வெட்டிடு" என்றார்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். நல்ல துணியை வெட்டுவதா? "மறுபடி தேவைப்பட்டா என்னங்க செய்றது?"

"தேவைப்பட்டா புதுசு வாங்குவோம். கடைக்குப் போய் நின்னு, என்ன அளவுன்னு வாயைத் திறந்து சொல்லணும்ல? அப்ப எனக்குத் தெரிஞ்சுடும்."

கத்தரியை எடுத்தவள் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வெட்டினாள். வெளியே வெளுத்துப்போன பேன்ட், சட்டைக்குள் மறைந்தே இருந்து வெயில் படாத அந்தத் துண்டில் மட்டும் வாங்கிய நாளின் கருநீலமாகவே இருந்தது. அதைக் கீழே போட அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் கயிற்றில் கட்டி மேலே ஏறிய வாளியில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. அதன் மூடி, கருநீலத் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.